யார் காய் விட்டாங்கன்னு தெரியல மிஸ்

இன்று ஜெராக்ஸ் கடையில் சந்தித்தது ஒரு மிஸ்ஸை! மழலையர் பள்ளி மிஸ். கடைக்காரரின் மனைவி. சூடு ஆறுவதற்குள் அவர் கதையைச் சொல்லிவிட வேண்டும், எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடையின் பின்பக்கம் லேமினேஷன் மெஷினுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஒட்டகம், நீர்யானை, காண்டாமிருகம் என்று ஒவ்வொரு படமாக ஒரு பக்கம் விட்டு மறுபக்கம் இழுத்துக்கொண்டிருந்தார். நகல் எடுக்க நின்றிருந்த ஒருவர் நல்ல வார்த்தை சொல்வதாக நினைத்துக்கொண்டு, "குழந்தைங்க எல்லாம் பூ மாதிரிங்க. உங்க வேலை பூந்தோட்டத்துல வேலை பார்க்கிற மாதிரி" என்றார். மிஸ் தலையைத் தூக்கவில்லை. சட்டென்று ரவிக்கைக் கையை மேலே ஏற்றிக் காட்டினார். முழங்கைக்கு மேலே அரைவட்டமாகப் பல் தடம்.

"பூ கடிக்குமாங்க?"

அந்த மனிதர் மீதிச் சில்லறைகூட வாங்காமல் போய்விட்டார். மிஸ் அப்படித்தான். அவர் நாக்குக்கு வேகத்தடை கிடையாது. கல்லூரி முடித்துப் போனில் கிரெடிட் கார்டு விற்கப் போனார். வேண்டாம் என்று சொன்ன ஒருவரிடம், "ரொம்ப நல்ல முடிவு சார், வாங்கிடாதீங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். மேலாளர் கேட்டுக்கொண்டிருந்தார். அதோடு அந்த வேலை போயிற்று. பிறகு துணிக்கடை. பிறகு கல்யாணம். கணவர் ஜெராக்ஸ் கடை போட்டார், அதிலேயே பேனர் அடிக்கும் வேலையும் சேர்த்துக்கொண்டார். அந்தக் கடைக்கு பேனர் அடிக்க வந்தவர்தான் மழலையர் பள்ளியின் தாளாளர். "ஒரு மிஸ் வேணும், இங்கிலீஷ் கொஞ்சம் வந்தா போதும்" என்றார். இப்படியாக மிஸ் மிஸ் ஆனார்.

தாளாளரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பள்ளி ஆரம்பிப்பதற்கு முன்னால் குளியலறை டைல்ஸ் விற்றுக்கொண்டிருந்தார். கடையைக் காலி செய்தபோது விற்காமல் மிஞ்சிப்போன சாம்பிள்களை ஒரு பழைய மாடி வீட்டில் பதித்தார். வாசலில் பலகை மாட்டினார். கல்வியாளர் ஆகிவிட்டார்! இன்றைக்கும் அந்தப் பள்ளியில் ஒரு அடிக்கு மேல் ஒரே தரையில் நடக்க முடியாது. நீலமீன், பச்சைக் கட்டம், சிவப்பு ரோஜா, யாரும் வாங்காத சாணிக் கலரில் ஏதோ ஒன்று. மனிதர் மட்டும் மாறவே இல்லை. அன்றைக்கு டைல்ஸ் காட்டிய அதே முகத்தோடு இன்றைக்குக் கல்வி காட்டுகிறார்.

அவருக்கு ஒரு வியாதி. மாதம் ஒரு திட்டம் வேண்டும். திட்டத்துக்கு ஒரு பெயர் வேண்டும். பெயருக்கு ஒரு பேனர் வேண்டும். 'பிரெய்ன் கார்டன்' என்று ஒரு மாதம்: குழந்தைகள் தலையில் காகித இலை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். 'சைலன்ஸ் பவர்' என்று ஒரு மாதம்: மணி அடித்தால் எல்லோரும் உதட்டில் விரல் வைக்க வேண்டும். மணி அடிப்பவர் மட்டும் கத்திக்கொண்டே இருப்பார். அவர்தான் தாளாளர். எல்லாத் திட்டத்துக்கும் மேலே அழியாத திட்டம் ஒன்று உண்டு. பள்ளிக்குள் ஆங்கிலம் மட்டும்தான். வீட்டு மொழியில் ஒரு வார்த்தை வாயிலிருந்து வந்தால் சட்டையில் அழுமூஞ்சி ஸ்டிக்கர். நான்கு வயதுக்கு! பசிக்கிறது என்பதையே இன்னும் முழுசாகச் சொல்லத் தெரியாதவர்களுக்கு!

மிஸ்ஸுக்கு ஒரே ஒரு பெருமை இருந்தது. இத்தனை வருடத்தில் அந்தத் திட்டங்களில் ஒன்றைக்கூட அவர் வாயால் புகழ்ந்ததில்லை. மற்ற மிஸ்கள் "சூப்பர் சார்" என்பார்கள். இவர் ஜன்னலைப் பார்ப்பார்.

அந்தப் பள்ளிக்குத்தான் தும்பி வந்தாள்.

தும்பி என்பது அவள் அப்பா வைத்த செல்லப் பெயர். ஒரு இடத்தில் உட்காராது என்பதால். அப்பா லிஃப்ட் மெக்கானிக். கையெல்லாம் கிரீஸ் வாடை, பேச்சில் ஒரு தயக்கம். அம்மாவுக்கு ஆஸ்பத்திரி லேபில் ஷிஃப்ட் வேலை. சேர்க்க வந்த அன்றைக்கே அப்பா மிஸ்ஸைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்:

"மிஸ், மறைக்க விரும்பல. பிள்ளைக்குக் கவனம் நிக்க மாட்டேங்குது. டாக்டர்கிட்ட காட்டிட்டுதான் இருக்கோம். இந்த வயசுல எல்லாப் பிள்ளையும் ஓடும், இவ கொஞ்சம் கூடுதலா ஓடுறா, இப்பவே ஒரு பேரு வைக்க வேண்டாம், பார்த்துக்கிட்டே இருப்போம்னு சொன்னாரு. ஒரு நேரத்துல ஒரு வேலைதான் சொல்லணுமாம். தூரத்துல இருந்து கத்தக் கூடாதாம். பக்கத்துல போய், அவ கண்ணு நம்மளப் பார்த்த பிறகு சொல்லணுமாம்."

"சரிங்க" என்றார் மிஸ். ஒரு அறை நிறையப் பிள்ளைகள், ஒருத்தன் மூக்கில் பட்டாணி, ஒருத்தி பாத்ரூம் வாசலில். இதில் ஒவ்வொரு தடவையும் போய்க் கண்ணைப் பார்ப்பதாவது! 'சரிங்க' என்பது அப்போதைக்கு வாயில் வந்தது, அவ்வளவுதான்.

தும்பி எப்படி என்றால், "ஷூவைக் கழட்டு, பையை மாட்டு, பாயில உட்காரு" என்று சொன்னால் ஒரு ஷூ கழலும். இன்னொரு ஷூவோடு நீலமீன் டைல்ஸில் நின்றுகொண்டிருப்பாள். அங்கிருந்து ரோஜாவுக்குத் தாவுவாள். மீன் எத்தனை, ரோஜா எத்தனை என்று அவளுக்குத்தான் தெரியும். பை வாசலிலேயே கிடக்கும். கெட்ட குணம் ஒன்றும் கிடையாது. ஆள் இருக்கும், ஆனால் அங்கே இருக்காது.

பெரியவர்களிடம் இதற்கு மன்னிப்பு கிடைக்கலாம். நான்கு வயதுக்காரர்களிடம் கிடைக்குமா? கடை விளையாட்டு நடக்கும். பல் டாக்டர் அம்மாவின் மகன் கடைக்காரன். இவள் வாங்க வந்தவள். மூன்று மரக்கட்டைகளைத் தேர்ந்தெடுப்பாள், விலை கேட்பாள், பேரம்கூடப் பேசுவாள். காசு கொடுக்கிற கட்டத்தில் வெளியே தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழியும் சத்தம் கேட்கும். போய்விடுவாள். கட்டைகளோடு.

"மிஸ்! ஷி கோயிங் கோயிங் மிஸ்! ஷி நோ மணி!"

ஸ்டிக்கருக்குப் பயந்த இங்கிலீஷில் கடைக்காரன் கதறுவான். ஒரு நாள், இரண்டு நாள். பிறகு ஆட்டத்தில் அவளைச் சேர்ப்பதை விட்டார்கள். குழந்தைகளை ரொம்பக் குறை சொல்ல முடியாது. பாதியில் எழுந்து போகிற ஆளோடு யார்தான் சீட்டு ஆடுவார்கள்?

குறை சொல்ல வேண்டியவர்கள் வீட்டில் இருந்தார்கள். பெற்றோர் வாட்ஸ்அப் குழு! அதில் காலை வணக்கப் பூக்களுக்கு நடுவே, பல் டாக்டர் அம்மா அரை வரி எழுதுவார்: 'சில குழந்தைகளால் மற்ற குழந்தைகளின் படிப்பு பாதிக்கப்படுகிறது.' படிப்பாம்! ஆப்பிளுக்குச் சிவப்பு அடிப்பது. உடனே கும்பிடுகிற கை வரிசையாக விழும். எதற்குக் கும்பிடுகிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. பெயர் எழுத மாட்டார்கள், அவ்வளவு நாகரிகம். பள்ளி வாசலில் மட்டும் தங்கள் பிள்ளையின் காதைத் திருகி, "அந்தப் பொண்ணுகிட்ட சேராதேன்னு சொன்னேன்ல?" என்பார்கள். தும்பியின் அப்பா இரண்டு அடி தள்ளி ஹெல்மெட்டைத் துடைத்துக்கொண்டு நிற்பார். அவருக்குக் கேட்கும். கேட்கட்டும் என்றுதான் சொல்வார்கள்.

பிறகு அது ஆரம்பித்தது. கண்ணைக் குத்துவது.

தும்பி எங்கிருந்தோ ஓடி வருவாள். ஒரு பிள்ளையின் முகத்துக்கு நேரே இரண்டு விரலை நீட்டுவாள். வேகம் அப்படி, விரல் மூக்கு மேல் போய் இடிக்கும். அந்தப் பிள்ளை அலறும். இவள் அடுத்த பிள்ளையிடம் ஓடுவாள். அங்கேயும் இரண்டு விரல். ஒருநாள் பல் டாக்டர் பையனின் கண்ணோரத்தில் நகக்கீறல் விழுந்தது. மறுநாள் அவன் அம்மா தாளாளர் அறையில் உட்கார்ந்திருந்தார். வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை, கழற்றினால் டாக்டர் என்று தெரியாமல் போய்விடுமே!

"கண்ணு சார்! ஒரு மில்லிமீட்டர் தள்ளிப் பட்டிருந்தா? ஒண்ணு அந்தப் பொண்ணு இருக்கணும், இல்ல என் பையன் இருக்கணும்."

"நீங்க சொல்லணுமா மேடம்" என்று தாளாளர் எழுந்தே நின்றுவிட்டார். பிறகு மிஸ்ஸைக் கூப்பிட்டார். "அவ அப்பாகிட்ட சொல்லிடுங்க மிஸ். மாசக் கடைசியோட நிறுத்திக்கலாம். துரத்துறோம்னு சொல்லாதீங்க. 'மோர் சூட்டபிள் என்விரான்மென்ட்', இன்னும் பொருத்தமான இடமாத் தேடிக்கச் சொல்லுங்க."

மிஸ் மறுத்துப் பேசவில்லை. ஏனென்றால் அவருக்கும் அவள் குத்துகிறாள் என்றுதான் தோன்றியது. முந்தின வாரம் அவர்தான் அவளைச் சாணிக் கலர் மூலையில் தனி நாற்காலியில் உட்கார வைத்திருந்தார். அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்பது மட்டும்தான் கவலை. அந்த மனிதருக்கு இது மூன்றாவது பள்ளி. இதற்கு மேல் அந்தப் பக்கத்தில் பள்ளி கிடையாது. இங்கேயும் போனால் பிள்ளை லிஃப்ட் கிடங்கில் கயிற்றுச் சுருளுக்கு நடுவே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். விளையாட ஒரு ஜீவன் இல்லாமல்.

அன்று இடைவேளையில் மிஸ் முற்றத்தில் முட்டி போட்டு ஒருத்திக்கு ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தார். முகம் குழந்தைகள் உயரத்துக்கு இறங்கியிருந்தது. ஓடி வந்த தும்பி அவர் மூக்குக்கு நேரே இரண்டு விரலை நீட்டினாள். அந்த விரல்களை மிஸ் முதல்முறையாக நேருக்கு நேர் பார்த்தார். குத்துகிற விரல் விரிந்திருக்கும். இது சேர்ந்திருந்தது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் ஒட்டி.

மிஸ்ஸுக்கு எங்கேயோ பொறி தட்டியது. குரலைத் தாழ்த்தி, ஸ்டிக்கர் விழுகிற மொழியில் கேட்டார்:

"என்னடி இது?"

தும்பி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அவர் காதில் சொன்னாள்: "பழம்."

பழம்! சண்டை என்றால் காய், சமாதானம் என்றால் பழம். காய் விட்டவரிடம் இரண்டு விரலைச் சேர்த்து நீட்ட வேண்டும், எதிரே இருப்பவரும் அதேபோல் நீட்டித் தொட்டால் சண்டை முடிந்தது. விரல் ஊருக்கு ஊர் மாறலாம், சங்கதி ஒன்றுதான். நாம் எல்லோரும் விட்டிருக்கிறோம்!

"நான் உன்கூட காய் விடலையே?"

"யாரோ விட்டாங்க மிஸ். 'உன்கூட காய்'னு சொன்னாங்க. நான் அப்ப தொட்டியப் பாத்துட்டு இருந்தேனா... யார் காய் விட்டாங்கன்னு தெரியல மிஸ். அதான் எல்லாருக்கும் விடுறேன்."

சொல்லிவிட்டு அடுத்தவனைப் பார்த்து ஓடினாள்.

மிஸ்ஸின் கையில் லேஸ் அப்படியே நின்றுவிட்டது. யார் கோபித்துக்கொண்டார்கள் என்று கவனிக்க முடியாத பிள்ளை, ஒருவரையும் விட்டுவிடக் கூடாது என்று பள்ளிக்கூடம் முழுவதும் சமாதானம் விநியோகித்துக்கொண்டிருக்கிறது! காய் விடாத பிள்ளைகளுக்கு அது திடீர்த் தாக்குதல். காய் விட்ட பிள்ளையோ அதற்குள் மறந்திருக்கும். வாயைத் திறந்து 'பழம்' என்று ஒரு சொல் சொன்னால் முடிந்துபோகும் விஷயம். சொன்னால் ஸ்டிக்கர். ஆகவே சொல் உள்ளே நின்றுவிட்டது, விரல் மட்டும் வெளியே வந்தது. அதைப் பார்த்து ஒரு பல் டாக்டர், ஒரு கல்வியாளர், ஒரு மிஸ், ஒரு வாட்ஸ்அப் குழு நிறையப் பெரியவர்கள், எல்லோரும் சேர்ந்து வைத்த பெயர் 'குத்துகிறாள்'.

மிஸ் நேரே தாளாளர் அறைக்குப் போனார்.

"சார், அவ குத்தல. பழம் விடுறா."

"என்ன விடுறா?"

"பழம் சார். காய், பழம். நீங்க சின்ன வயசுல விட்டதில்லையா?"

தாளாளர் முகம் இருண்டது. மிஸ்ஸுக்கு ஒரு நொடி நம்பிக்கை வந்தது, மனிதருக்கு உறைத்துவிட்டது என்று. அவர் மெதுவாகக் கேட்டார்:

"அப்போ பசங்க கிளாஸ்ல தமிழ்ல பேசுறாங்க. அதைத்தானே மிஸ் சொல்ல வர்றீங்க?"

அவ்வளவுதான் அந்தத் தலைக்குள் நுழைந்தது! பல் டாக்டர் அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னபோது அங்கிருந்து இன்னும் அழகான பதில்: "என்ன விரலா இருந்தா என்னங்க, நகம் நகம்தானே?"

சாயங்காலம் மிஸ் கடையில் வந்து பொத்தென்று உட்கார்ந்தார். கணவர் அடுத்த மாத பேனருக்குத் தாளாளர் இன்னும் பெயர் அனுப்பவில்லை என்று புலம்பிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, அந்த ஆளுக்கு மூளை இருக்கிற இடத்துல என்னங்க இருக்கு?"

"டைல்ஸ்" என்றார் கணவர். "ஏன்மா திட்டுற? அவருக்குப் பைத்தியம் தெளிஞ்சா நம்ம மெஷினுக்கு வேலை ஏது? அவர்கிட்ட நியாயம் சொன்னா ஏறுமா? பேனர்ல அடிச்சுக் குடு, ஏறும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். மிஸ் சிரிக்கவில்லை. பேனர் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் இருந்த ஒரே பெருமை அந்த நேரத்தில் கழுத்தில் கனத்தது. பிறகு எழுந்து, "ஒரு பேரு சொல்றேன், இங்கிலீஷ்ல அழகா இருக்கான்னு பாருங்க" என்றார்.

மறுநாள் காலை மிஸ் தாளாளர் அறையில் ஜன்னலைப் பார்க்கவில்லை. தாளாளரைப் பார்த்தார்.

"சார், நேத்து நீங்க சொன்னதைத்தான் யோசிச்சுட்டே இருந்தேன்."

"நான் என்ன சொன்னேன்?"

"உங்களுக்கே தெரியாம சொல்லிட்டீங்க சார். சண்டையும் சமாதானமும் ஒரு வார்த்தைகூடப் பேசாம விரல்லயே நடக்குதுன்னு. ஒரு மொழியும் வேணாம் சார்! 'டூ ஃபிங்கர் ஹார்மனி.' இந்த ஏரியாவுல ஒரு ஸ்கூல்லயும் இல்ல. சூப்பர் சார்."

அந்த 'சூப்பர் சார்' வெளியே வந்தபோது வாயில் அழுகின முட்டையை வைத்த மாதிரி இருந்ததாம். தாளாளர் நாற்காலியில் சாய்ந்தார். கண் பேனர் அளவுக்கு விரிந்தது.

"ரொம்ப நாளா என் மனசுல இருந்த விஷயம் மிஸ் இது."

"தெரியும் சார்."

"முதல்ல செஞ்சு காட்ட பைலட் சைல்டு ஒண்ணு வேணுமே?"

"அந்தப் பொண்ணுதான் சார் தானாவே செய்யுது. அது போயிட்டா யாரை வச்சுக் காட்டுவீங்க?"

முடிந்தது! தும்பி இருக்கலாம். பல் டாக்டர் அம்மா? அவரைத் தாளாளரே பார்த்துக்கொண்டார். பேனரில் இரண்டு விரல் தொடுகிற படம் வரும், அதில் ஒரு கை உங்கள் மகனுடையது, முகமும் தெரியும் என்றார். கண், மில்லிமீட்டர், நகம் எல்லாம் காற்றில் போயிற்று. மறுநாள் பையன் தலைவாரி, பவுடர் அப்பி, படமெடுக்கத் தயாராக வந்து நின்றான். குழுவில் அவன் அம்மா எழுதினார்: 'எம்பதி, அதாவது பிறர் வலியை உணர்வது, சிறு வயதிலேயே வர வேண்டும்.' கும்பிடுகிற கை வரிசையாக விழுந்தது. இந்த மாதிரி மனிதர்களை வைத்துக்கொண்டுதான் நாம் பிள்ளைகளுக்கு நீதிபோதனை நடத்துகிறோம், த்தூ!

ஆனால் அந்த பேனருக்குப் பின்னால் மிஸ் வகுப்பறையில் ஒரு சட்டம் போட்டார். அது எந்த பேனரிலும் இல்லை. காய் விடலாம், யார் வேண்டுமானாலும் விடலாம். ஆனால் முதுகுக்குப் பின்னால் விடக் கூடாது. நேரே முன்னால் வந்து நிற்க வேண்டும். எதிராளியின் கண் உன்னைப் பார்க்கும்வரை காத்திருக்க வேண்டும். பார்த்த பிறகு, எதற்குக் காய் என்று சொல்லிவிட்டு விடு. எந்த மொழியில் வேண்டுமானாலும் சொல். அன்றைக்கு ஸ்டிக்கர் கட்டு எங்கேயோ தொலைந்துபோயிற்று. எங்கே என்று மிஸ்ஸைக் கேட்டால் அவர் ஜன்னலைப் பார்க்கிறார்.

டாக்டர் சொல்லியனுப்பியதை அப்போதுதான் உருப்படியாகச் செய்ய ஆரம்பித்ததாக மிஸ்ஸே சொன்னார். தானும் பக்கத்தில் போய், கண்ணைப் பார்த்து, ஒரே ஒரு வேலை சொன்னார். "ஷூ." அவ்வளவுதான். ஷூ கழன்ற பிறகு, "பை." தும்பி ஒன்றும் மாயம் போல் மாறிவிடவில்லை. இன்றைக்கும் மீன் டைல்ஸில் நிற்கிறாள், தொட்டி வழிந்தால் ஓடுகிறாள். டாக்டரும் இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். வேறொன்று நடந்தது. அவள் கண் திரும்பும்வரை காத்து நிற்க வேண்டியிருந்ததால், காய் விட வந்த பிள்ளைகளுக்குப் பாதிக்குப் பாதி எதற்கு வந்தோம் என்பதே மறந்துபோயிற்று! மறக்காமல் விட்டவர்களை இவள் பார்த்துவிட்டாள். யாரிடம் பழம் விட வேண்டும் என்று இப்போது தெரியும். ஊர் முழுக்க ஓட வேண்டியதில்லை.

பல் டாக்டர் பையன் ஒருநாள் எதிரே வந்து நின்று, இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு சொன்னான்: "நீ பாதியில போயிடுற. அதான் காய்."

அவள் அவனைப் பார்த்தாள். நிஜமாகவே பார்த்தாள். "நான் போறேன்னு எனக்கே தெரியாதுடா" என்றாள்.

"அப்ப நான் கூப்பிடுறேன். வந்துடணும்."

"வந்துடறேன்."

பழம். பொதுவாக இதற்குப் பெரியவர்கள் வக்கீல் வைத்துக்கொள்வார்கள்.

பிறகு வந்தது பெற்றோர் பார்வை நாள். வாசல் முழுக்க பேனர். 'டூ ஃபிங்கர் ஹார்மனி: நிறுவனரின் கண்டுபிடிப்பு'. மிஸ்ஸின் கணவரே அடித்து, மிஸ்ஸே ஒரு முனையைப் பிடித்துக் கட்டியது. கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள், மைக், தாளாளர். தாளாளர் தன் இளமைக்காலச் சிந்தனைகளைப் பற்றி நிறையப் பேசினார். அதை இங்கே எழுதி உங்கள் நேரத்தை வீணாக்க மனம் வரவில்லை.

"இப்போ நம்ம பைலட் சைல்டு வந்து செஞ்சு காட்டுவாங்க" என்று மைக் சொன்னது. தும்பியைக் காணோம். மிஸ் வகுப்பறைக்கு ஓடினார்.

மேசைக்கு அடியில் இருந்தாள். மேசைதான் லிஃப்ட். அவள் மெக்கானிக், பல் டாக்டர் பையன் பயணி. இன்னும் இரண்டு பேர் வெளியே வரிசையில்.

"கதவு மூடுது, கையை எடு! எந்த மாடி?"

"நாலு."

"நாலு போகாது. கயிறு மாத்தணும். வெயிட் பண்ணுங்க."

வெளியே தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. மிஸ்ஸுக்கு அது காதில் விழுந்தது. தும்பிக்கு விழவில்லை. அல்லது விழுந்தும் எழவில்லை. அவள் பாதியில் விடாத முதல் ஆட்டம் அது. மிஸ் வாசலில் நின்று அதைப் பார்த்தார், எவ்வளவு பெரிய விஷயம் என்று நன்றாகவே தெரிந்துதான் பார்த்தார். கூடத்திலிருந்து தாளாளர், "மிஸ், எங்க இருக்கீங்க மிஸ்?" என்று மைக்கிலேயே கூப்பிட்டார். ஒப்பந்தம் அதுதான். காட்டினால்தான் பிள்ளை இங்கே இருக்கும்.

மிஸ் குனிந்து அவள் கையைப் பிடித்து வெளியே இழுத்தார்.

"வாடி செல்லம், ஒரே நிமிஷம். அப்புறம் விளையாடு."

"கயிறு பாதில இருக்கு மிஸ்!"

"ஒரே நிமிஷம்."

மேடையில் பல் டாக்டர் பையனைக் கொண்டுவந்து தும்பிக்கு எதிரே நிறுத்தினார்கள். கேமராக்கள் எழுந்தன. முதல் வரிசையில் அவள் அப்பா, கிரீஸ் போகத் தேய்த்துக் கழுவிய கைகளை மடியில் வைத்துக்கொண்டு. தும்பி அந்தப் பையனைப் பார்க்கவில்லை. கேமராவைப் பார்க்கவில்லை. ஓரத்தில் நின்ற மிஸ்ஸிடம் நடந்து வந்தாள். நேர் முன்னால் நின்றாள். அண்ணாந்து பார்த்து, மிஸ்ஸின் கண் தன் கண்ணுக்கு வரும்வரை காத்திருந்தாள். சட்டப்படி!

"நீங்க எங்க ஆட்டத்தைப் பாதியில நிறுத்திட்டீங்க மிஸ். அதான். உங்ககூட காய்."

தாளாளர் மைக்கை இறுக்கிப் பிடித்து, "இதுதான் ஸ்டேஜ் ஒன்!" என்று அறிவித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். பல் டாக்டர் அம்மா எழுந்து நின்றே தட்டினார். அந்தக் கூட்டத்தில் தட்டாதவர்கள் இரண்டு பேர். அவள் அப்பா முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மிஸ்ஸோ ஒரு பிள்ளைக்கு முன்னால் குற்றவாளியாக நின்றுகொண்டிருந்தார்.

நிகழ்ச்சி முடிந்ததும் மிஸ் வகுப்பறை மேசைக்குப் பக்கத்தில் போய் முட்டி போட்டு இரண்டு விரலை நீட்டினார். தும்பி பார்த்தாள். தலையை ஆட்டினாள். இல்லை.

இதெல்லாம் நடந்து கொஞ்ச நாள் ஆகிறது. இன்னும் பழம் இல்லை! தினமும் காலையில் தும்பி வாசலுக்கு வந்ததும் மிஸ் எங்கே என்று தேடுகிறாளாம். கண்டுபிடித்ததும் நேராகப் பார்த்து, முகத்தை வெடுக்கென்று திருப்பிக்கொண்டு போகிறாளாம். நடுவில் மீன் டைல்ஸ் வருகிறது, ரோஜா வருகிறது, தொட்டிச் சத்தம் வருகிறது. ஒன்றும் அவளைத் தடுப்பதில்லை.

"மறக்கவே மாட்டேங்குறா அவ!" என்று சொல்லும்போது மிஸ்ஸின் முகம் பூரித்துப் போயிருந்தது. கண் கலங்கியும் இருந்தது. நீர்யானை மெஷினில் கோணலாகப் போய்ச் சுருங்கிவிட்டது. "அவ அப்பா என்கிட்ட மன்னிப்பு கேக்குறாரு. நான் சொன்னேன், ஐயோ சும்மா இருங்க, அவளா ஒரு விஷயத்தை இவ்ளோ நாள் பிடிச்சு வச்சிருக்கா, கெடுத்துடாதீங்கன்னு. ஆனா எனக்கு வலிக்குதுங்க. சரியாத்தானே விட்டா? நான் அந்த ஆளுக்கு 'சூப்பர் சார்' சொன்னது அவளுக்காகன்னு அவளுக்கு எப்படித் தெரியும்? தெரிஞ்சாலும், ஆட்டம் ஆட்டம்தானே?"

கணவர் நகலெடுத்துக்கொண்டே, "நாளைக்கு லிஃப்ட்டுல ஏறிப் பாரேன். பயணியா" என்றார்.

"டேபிளுக்கு அடியில நான் நுழைவேனாங்க?"

"நுழையலேன்னா வெளியில வரிசையில நில்லு."

மிஸ் அடுத்த படத்தை எடுத்தார்.

அந்தப் பள்ளியைச் சனிக்கிழமைகளில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பிள்ளையைச் சேர்க்கப் போகிறவர்கள் போங்கள். பேனரைக் காட்டித் தாளாளர் பேசுவார், தலையாட்டிவிட்டு நகருங்கள். பல விதத் தரைகளைத் தாண்டி உள்ளே போனால் கடைசி அறையில் ஒரு மேசை இருக்கும். அடியில் ஆட்டம் நடந்தால் கூப்பிடாதீர்கள், முடியும்வரை நில்லுங்கள். இந்தப் பதிவை உங்கள் பிள்ளையின் வகுப்புக் குழுவில் போடுங்கள், 'அந்தப் பொண்ணுகிட்ட சேராதே' என்று வாசலில் சொல்கிறவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். கும்பிடுகிற கை மட்டும் போட்டுவிட்டுப் போகாமல் படிக்கச் சொல்லுங்கள்.